வளவுக்குள் பத்து: உள்ளே வரும் வாகனங்களை மெல்ல ஓட வைக்கும் வேலை

கோப்பாய்க்கு வரும் சாரதிகள் பெரும்பாலும் வேகத்தோடுதான் வந்து சேர்கிறார்கள். வடமராட்சியில் இருந்து வருபவர் வல்லை வெளியைக் கடந்து, ஆவரங்கால், புத்தூர், நீர்வேலி என்று பருத்தித்துறை வீதியால் இறங்குகிறார். தென்மராட்சியில் இருந்து வருபவர் கைதடி வீதியில், இரண்டு பக்கமும் மறைப்பில்லாத வெட்டையால் ஓடி வருகிறார். திறந்த வெளியில் ஓடிப் பழகிய கண்ணுக்கு 30 கிலோமீற்றர் வேகம் நின்றுவிட்டது போலத் தெரியும். அதே கண்ணோடும் அதே காலோடும் அவர் உங்கள் கேற்றுக்குள் திரும்புகிறார். உள்ளே பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள். ஒரு பாட்டி கைத்தடியோடு கிணற்றடிக்குப் போகிறார்.

அந்தக் கேற்றுக்கு உட்பட்ட பொறுப்பு உங்களுடையது என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். விருந்தினர் விடுதியின் முகாமையாளர், கலியாண மண்டபப் பொறுப்பாளர், கல்லூரி அல்லது வைத்தியசாலைக் காவலாளி, மரக்கறி சேகரிப்பு நிலையத்தின் மேற்பார்வையாளர், கோயில் திருவிழாத் தொண்டர் என்று இந்த வேலைக்குப் பல பெயர்கள் உண்டு. கோப்பாயில் ஆசிரியர் கலாசாலை, தேசிய கல்வியியற் கல்லூரி, பிரதேச வைத்தியசாலை, பிரதேச செயலகம் என்று ஆளும் வாகனமும் ஒரே வழியைப் பங்கிடும் வளவுகள் பல. ஆடி, ஆவணியில் வெளிநாட்டு உறவுகள் வந்து இறங்கும்போது விடுதிகளும் வீடுகளும் அந்த வரிசையில் சேர்ந்துகொள்கின்றன.

பெரும்பாலான இடங்களில் செய்யப்படுவது ஒன்றே ஒன்று: "மெதுவாகச் செல்லவும்" என்று ஒரு பலகை நடுவது. முதல் கிழமைக்குப் பிறகு அந்தப் பலகையை யாரும் வாசிப்பதில்லை. சாரதி ஏன் அவசரப்படுகிறார் என்று கண்டுபிடித்து அந்தக் காரணத்தை எடுத்துவிடுங்கள். பிறகு அவர் ஓடும் பாதையை மாற்றுங்கள். பலகையும் பேச்சும் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் நாள் முழுக்கக் கத்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எந்த வேகம் சரி?

இலங்கையில் குடியிருப்புப் பகுதி வீதிகளில் காருக்கு மணிக்கு 50 கிலோமீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 40 கிலோமீற்றரும் எல்லை. இவை தெருவுக்கான எண்கள். பிள்ளைகள் ஓடித் திரியும் வளவுக்கு எந்த எண் பொருந்தும் என்பதை வளவுக்காரர்தான் தீர்மானித்து அறிவிக்க வேண்டும்.

ஆபத்தைக் கண்டு கால் பிறேக்கில் பட ஒரு செக்கன் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். காய்ந்த தார் நிலத்தில் 10 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் நிற்க ஏறக்குறைய மூன்றரை மீற்றர் வேண்டும். 20 இல் 8 மீற்றர். 30 இல் 13 மீற்றருக்கு மேல். 40 இல் 20 மீற்றர். கிறவல் அல்லது மணல் பரவிய நிலத்தில் ரயர் சறுக்குவதால் 30 இல் வரும் வாகனத்துக்கு 17 மீற்றர் வரை தேவைப்படலாம். உங்கள் கேற்றில் இருந்து முதல் வாசற்படி எத்தனை மீற்றர் என்று அளந்து பார்த்தால், எந்த வேகத்தைத் தாங்கும் வளவு அது என்பது விளங்கிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் வலு நான்கு மடங்காகும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஆட்கள் நடக்கும் வளவுக்கு 10 நல்ல எண். நீளமான உள்வீதி உள்ள கல்லூரி போன்ற இடத்துக்கு 15 அல்லது 20 வைக்கலாம். 5 என்று எழுத வேண்டாம். மனிதன் நடக்கும் வேகமே அவ்வளவுதான். பல வாகனங்களின் வேகமானியில் அந்த எண்ணைச் சரியாகப் பார்க்கவும் முடியாது. கடைப்பிடிக்க முடியாத ஒரு விதியைப் போட்டால் மற்ற விதிகளுக்கும் மரியாதை போய்விடும்.

"நேரம் போகுதே" என்று யாராவது சொன்னால் பதில் தயாராக இருக்கட்டும். கேற்றில் இருந்து மண்டப வாசல் 50 மீற்றர் என்றால், 30 இல் வருபவருக்கு 6 செக்கன் எடுக்கும். 15 இல் வருபவருக்கு 12 செக்கன். முழுப் பேச்சும் இந்த ஆறு செக்கனைப் பற்றியதுதான்.

முதலில் அளந்து பாருங்கள்

வேகம் பற்றிய சண்டைகளில் பாதி, யாரும் அளக்காததால் வருபவை. "பறந்து வந்தான்" என்று காவலாளி சொல்வார். "ஊர்ந்துதான் வந்தனான்" என்று சாரதி சொல்வார். வேகம் அளக்கும் கருவி இல்லாமலே இதைத் தீர்க்கலாம். உள்பாதையில் 25 மீற்றர் இடைவெளியில் சுண்ணாம்பால் இரண்டு கோடு போடுங்கள். முன் சில்லு முதல் கோட்டைத் தொடும்போது கைத்தொலைபேசியின் நிறுத்தற் கடிகாரத்தை அழுத்தி, இரண்டாவது கோட்டில் நிறுத்துங்கள். 90 ஐ அந்தச் செக்கனால் பிரித்தால் வருவது மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்பது. 9 செக்கன் எடுத்தால் வேகம் 10. 6 செக்கன் என்றால் 15. 3 செக்கனில் கடந்தால் 30.

மூன்று நாள், காலை, மதியம், மாலை என்று பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள்: நேரம், வாகன வகை, செக்கன், வந்தவர் ஊழியரா, விருந்தாளியா, சாமான் இறக்க வந்தவரா. இலக்கத் தகடு இப்போதைக்கு வேண்டாம். ஆளைப் பிடிப்பது இந்த மூன்று நாளின் வேலை அல்ல.

இப்படிப் பார்ப்பவர்களுக்கு ஒரு விடயம் ஆச்சரியம் தரக்கூடும். புதிதாக வரும் விருந்தாளி வழி தெரியாததால் தானாகவே மெல்ல வருவார். ஒவ்வொரு நாளும் வருபவருக்குத்தான் வளைவு, மேடு, பள்ளம் எல்லாம் மனப்பாடம். ஊழியர்களின் மோட்டார் சைக்கிள், வழமையான முச்சக்கர வண்டி, பாண் வான், முதலாளி வீட்டுப் பிள்ளையின் கார் ஆகியவற்றின் செக்கன்களைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள்.

அவசரத்தின் காரணத்தை எடுங்கள்

யால தேசிய பூங்காவில் வாகன வேக எல்லை மணிக்கு 25 கிலோமீற்றர். அங்கே முகாமிட்டுத் தங்கவும் சஃபாரி போகவும் வருபவர்களின் ஜீப்புகள் அந்த எல்லையை மீறி விரைவது நீண்ட காலப் பிரச்சினை. ஒரு ஜீப்காரர் சிறுத்தையைக் கண்டதும் மற்றவர்களுக்குத் தொலைபேசியில் சொல்வார். எல்லா ஜீப்புகளும் ஒரே இடத்துக்குப் பறக்கும். அதனால் பூங்காவுக்குள் தொலைபேசிச் சமிக்ஞையையே மட்டுப்படுத்தும் யோசனை முன்வைக்கப்பட்டது. அது எவ்வளவு பயன் தரும் என்பது வேறு கேள்வி. சிந்தித்த விதம்தான் நமக்குப் பாடம்: சாரதியின் காலைத் திட்டுவதை விட்டுவிட்டு, அந்தக் காலை அழுத்த வைக்கும் செய்தி எங்கிருந்து வருகிறது என்று பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் வளவிலும் அப்படி ஏதோ ஒன்று இருக்கும். தேடிப் பார்க்க வேண்டிய இடங்கள் இவை:

ஊழியர் வரவுப் பதிவேடு எங்கே இருக்கிறது? கட்டடத்தின் கடைசி அறையில் இருந்தால், எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட ஓடுபவர் கேற்றில் இருந்து அங்குவரை பறப்பார். பதிவேட்டைக் கேற்றடிக்குக் கொண்டு வாருங்கள். காசு செலவில்லாமல் காலை நேரத்து வேகம் இறங்கும்.

சாமான் லொறி எப்போது வருகிறது? நடைக்குக் காசு வாங்கும் சாரதிக்கு ஒவ்வொரு நிமிடமும் பணம். அவர் வந்ததும் இறக்க ஆள் நிற்பார்கள் என்று உறுதி கொடுத்தால், உள்ளே மிச்சம் பிடிக்கும் சில செக்கன்கள் அவருக்குப் பெரிதாகத் தெரியாது. பிள்ளைகள் வெளியே நிற்கும் மாலை நேரத்தில் லொறி வேண்டாம் என்றும் அப்போதே பேசிக்கொள்ளலாம்.

எங்கே நிறுத்துவது என்று தெரிகிறதா? நல்ல இடத்தை மற்றவர் பிடித்துவிடுவாரோ என்ற பயமும் அவசரம்தான். முகூர்த்தத்துக்கு அரை மணி இருக்கும்போது கலியாண மண்டப வளவில் இதைப் பார்க்கலாம். இடங்களுக்கு இலக்கம் போட்டு, கேற்றடியில் ஒருவர் "நீங்கள் பன்னிரண்டு" என்று சொல்லிவிட்டால் போட்டியே இல்லை. முதியவர்களை வாசலில் இறக்கிவிட்டுப் போவதற்கு ஒரு இடத்தை ஒதுக்கினால் பதற்றம் இன்னும் குறையும்.

பாதையை மாற்றுங்கள்

நேரான, அகலமான, வெறுமையான பாதையைக் கண்டால் கால் தானாகவே அழுத்தும். அதே பாதை ஒடுங்கி வளைந்தால் யாரும் சொல்லாமலே தளரும். நெதர்லாந்தின் டெல்ஃப்ற் நகரில் 1960களின் கடைசியில் குடியிருப்புத் தெருக்களை இப்படித்தான் மாற்றத் தொடங்கினார்கள். மரம், பூந்தொட்டி, இருக்கை என்று வைத்து நேர்ப்பாதையை உடைத்தார்கள். அப்படிப்பட்ட தெருக்களில் வாகனம் நடை வேகத்தில்தான் போக வேண்டும் என்று 1976 இல் சட்டமும் வந்தது.

உங்களுக்கு நகரசபையின் பணம் தேவையில்லை. வெள்ளை பூசிய பீப்பாய்களையோ செவ்வரத்தைத் தொட்டிகளையோ ஒரு முறை இடப்பக்கமும் அடுத்த முறை வலப்பக்கமும் மாறி மாறி வையுங்கள். நடுவில் விடும் வழி 3 மீற்றர் இருந்தால் ஹயஸ் வான் தாராளமாகப் போகும். தீயணைப்பு வாகனமோ பெரிய லொறியோ வர வேண்டிய வளவென்றால் மூன்றரை மீற்றர் விடுங்கள். தொட்டிகளை உருட்டி எடுக்கக்கூடியதாக வையுங்கள். இரவில் தெரிய ஒளி தெறிக்கும் நாடா ஒட்டுவது கட்டாயம்.

அடுத்தது வேகத்தடை. இதற்கும் ஒரு வளவுக்காரரின் கதை உண்டு. 1927 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஆர்தர் ஹோலி கொம்ப்டன், பின்னாளில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். வளவுக்குள் கார்கள் விரைவதைப் பார்த்த அவர், 1953 இல் தானே கணக்குப் போட்டு வேகத்தடைகளை வடிவமைத்தார். நோபல் அறிஞரும் பலகையை மட்டும் நம்பி இருக்கவில்லை.

வேகத்தடையை ஊர் மேசன் கையில் கொடுத்து "ஒரு மேடு போடுங்கோ" என்று விட்டுவிடாதீர்கள். கூரான மேடு முச்சக்கர வண்டியின் எட்டு அங்குலச் சில்லைத் தூக்கி அடிக்கும். கர்ப்பிணிக்கும் முதுகு வலிக்காரருக்கும் அது தண்டனை. நோயாளியோடு வரும் அம்புலன்ஸுக்கு இன்னும் மோசம். இந்திய வீதிக் காங்கிரஸின் வழிகாட்டி, 3.7 மீற்றர் அகலமும் 10 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட, மெல்ல ஏறி இறங்கும் வளைந்த மேட்டைப் பரிந்துரைக்கிறது. ஏறத்தாழ 25 கிலோமீற்றர் வேகத்தில் கடப்பதற்கான அளவு அது. உங்கள் வளவில் அதைவிட மெல்லத்தான் போக வேண்டும் என்றால் அகலத்தைக் குறையுங்கள். உயரத்தைக் கூட்ட வேண்டாம். 5 முதல் 7 சென்ரிமீற்றர் போதும். ஆணி அடித்துப் பூட்டும் இறப்பர்த் தடை வாங்கினால், இடம் பிழைத்தாலும் கழற்றி மாற்றலாம்.

இடம் பார்க்கும்போது நான்கு விடயங்கள். ஒன்று, ஒற்றை மேட்டால் பயனில்லை. தாண்டியதும் சாரதி அழுத்துவார். 25 மீற்றருக்கு ஒன்றாவது வேண்டும். இரண்டு, முதல் மேடு கேற்றுக்கு மிக அருகில் இருக்கக்கூடாது. முன்னால் போகும் வாகனம் மேட்டில் தயங்கும்போது பின்னால் வரும் பஸ்ஸின் வால் பருத்தித்துறை வீதியில் நிற்கும். பன்னிரண்டு மீற்றராவது உள்ளே தள்ளுங்கள். மூன்று, மாரியில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக் கரையில் வழி விடுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி மழைக்குச் செம்மண் குளம் ஒன்று உருவாகி, மேடே தெரியாமல் போகும். நான்கு, சைக்கிளுக்கும் சக்கர நாற்காலிக்கும் ஒரு பக்கத்தில் சமதளமாக இடைவெளி வேண்டும்.

கேற்றுக்கு வெளியே ஒரு அடி கூட உங்களுடையதல்ல. பருத்தித்துறை வீதி, வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பொறுப்பு. ஒழுங்கைகள் பல பிரதேச சபையின் கையில் உள்ளன. அங்கே மேடு வேண்டும் என்றால் எழுத்தில் கேளுங்கள். நீங்களே மண் கொட்டியோ பனங்குற்றி போட்டோ தடை செய்தால், இரவில் விழும் மோட்டார் சைக்கிள்காரருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிறகுதான் பலகை

பலகையில் ஒரு பெரிய எண்ணும் ஒரு காரணமும் போதும்: "10 – பிள்ளைகள் விளையாடுகிறார்கள்." காரணம் சொல்லப்பட்ட விதியை மனிதர் மதிப்பார்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுங்கள். கொழும்பில் இருந்து விருந்தாளிகளோடு வரும் வான் சாரதிக்கும் அது வேண்டும். சாரதியின் கண் மட்டத்தில், திரும்பி முடித்து நேராகும் இடத்தில் நடுங்கள். கேற்றுத் தூணில் ஒட்டினால், திரும்புகிற அவசரத்தில் அதை யாரும் பார்க்க மாட்டார்கள். உள்ளே மூன்று பலகைக்கு மேல் வேண்டாம்.

பேச வேண்டி வரும்போது

எவ்வளவு செய்தாலும் ஒருவர் பறந்து வருவார். அவரோடு எப்படிப் பேசுகிறீர்கள் என்பதில்தான் உங்கள் தொழில்திறன் இருக்கிறது.

வாகனம் நின்று இயந்திரம் ஓய்ந்த பிறகு போங்கள். ஓடும் வாகனத்துக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு பாய வேண்டாம். சாரதி இருக்கும் வலப்பக்க யன்னலடியில் நில்லுங்கள். மனைவி, பிள்ளை, முதலாளி இருக்கும் வாகனத்தில் அவரைக் கண்டிக்காதீர்கள்; இறங்கி வந்ததும் ஒரு பக்கமாகக் கூப்பிடுங்கள்.

வயதில் மூத்தவரிடம்: "ஐயா, உள்ளுக்குச் சின்னப் பிள்ளையள் ஓடித் திரியினம். போகேக்கை கொஞ்சம் மெல்லமாப் போங்கோ."

வழமையான முச்சக்கர வண்டிக்காரரிடம்: "அண்ணை, உங்களைப் பாத்துத்தான் மற்ற ஓட்டோக்காரரும் வருகினம். நீங்கள் பத்திலை வந்தா எனக்குப் பெரிய உதவி."

இளம் ஊழியரிடம்: "தம்பி, நேற்று மூண்டு செக்கனிலை வந்திருக்கிறாய். ஒன்பது செக்கனிலை வா. பிந்தினா நான் சொல்லுறன்."

சிங்களச் சாரதியிடம் "கருணாகரலா ஹெமின் யன்ன" என்ற மூன்று சொல் போதும். சிரித்துக்கொண்டு சொன்னால் பலகையைவிட நன்றாக வேலை செய்யும்.

இவை எதிலும் குற்றச்சாட்டு இல்லை என்பதைக் கவனியுங்கள். "ஏன் இப்பிடி ஓடுறியள்?" என்று தொடங்கினால் பதிலுக்கு வருவது நியாயங்கள்தான்.

திரும்பத் திரும்ப மீறுபவருக்குப் படிகள் வேண்டும். முதல் முறை பேச்சு. இரண்டாம் முறை கொப்பியில் பெயரும் இலக்கத் தகடும். மூன்றாம் முறை வாகனம் கேற்றுக்கு வெளியே. இந்தப் படிகளுக்கு முதலாளியிடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது: "உங்கட மகன் வந்தாலும் இதுதானே ஐயா?" அந்த வீட்டுக் காரும் மெல்ல ஓடினால்தான் மற்றவர்கள் ஓடுவார்கள். நிர்வாக சபை உறுப்பினர் 40 இல் போகும் வளவில் காவலாளியின் விசிலுக்கு ஒரு பெறுமதியும் இல்லை.

பெரிய நாட்கள்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழாவில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை வாகனங்களுக்கு மூடிவிடுகிறார்கள். வாகனத்தைத் தூரத்தில் விட்டுவிட்டு எல்லோரும் நடந்து போகிறார்கள். ஆட்கள் நெருக்கமாகக் கூடும் நாளில் வேகத்தைக் குறைப்பதைவிட வாகனத்தை வெளியே நிறுத்துவது சுலபம் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் நம் ஊரில் இல்லை. உங்கள் மண்டபத்தில் பெரிய கலியாணம் என்றால், பக்கத்து வெறுங்காணியை அன்றைக்கு வாடகைக்குக் கேளுங்கள். முதியவரை ஏற்றி வரும் வாகனத்தை மட்டும் உள்ளே விடுங்கள்.

மற்ற நாட்களில் கவனிக்க வேண்டியது பின்னுக்கு எடுக்கும் வாகனம். வேகம் குறைவுதான், ஆனால் வானுக்குப் பின்னால் குந்தியிருக்கும் குழந்தை சாரதியின் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. ஒரு வழியால் வந்து மறு வழியால் முன்னோக்கியே வெளியேறும்படி பாதை அமைக்க முடிந்தால் இந்த ஆபத்தின் பெரும்பகுதி போய்விடும். முடியாவிட்டால், பின்னுக்கு எடுக்கும்போது ஒருவர் நின்று காட்ட வேண்டும் என்பதை விதியாக்குங்கள். காட்டுபவர் சாரதியின் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். வாகனத்துக்கு நேர் பின்னால் ஒருபோதும் நிற்கக்கூடாது. ஒளி தெறிக்கும் மேலங்கி, விசில், இரவுக்கு ஒரு ரோச் மூன்றையும் முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். 119 பொலிஸ், 1990 அம்புலன்ஸ் என்ற இரண்டு இலக்கங்களும் காவற் கொட்டிலின் சுவரில் இருக்கட்டும். செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவிப் பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள்.

செய்த வேலையைக் காட்டுங்கள்

கேற்றடி வேலையை யாரும் கவனிப்பதில்லை என்ற குறை பலருக்கு உண்டு. விபத்து நடக்காத நாளுக்கு யார் கைதட்டுவார்கள்? அதனால்தான் கொப்பி தேவை. மாற்றங்கள் செய்து ஒரு மாதத்துக்குப் பிறகு அதே கோடுகளுக்கு இடையில், அதே நேரங்களில், மூன்று நாள் மீண்டும் அளந்து பாருங்கள். முன்பு பத்து வாகனத்தில் எத்தனை 15 ஐத் தாண்டின, இப்போது எத்தனை என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். செய்தவை, செலவு, இனித் தேவையானவை என்று மூன்று வரி சேருங்கள். திகதி போட்டு, பெயர் எழுதிக் கையெழுத்திட்டு முகாமையாளரிடம் கொடுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு பக்கம் அடுத்த நேர்முகத் தேர்வில் பேசும். "காவலாளியாக நின்றேன்" என்று சொல்பவருக்கும், "வளவு வேகத்தை அளந்து குறைத்தேன், அறிக்கை இருக்கிறது" என்று சொல்பவருக்கும் சம்பளம் ஒன்றாக இருக்காது. விடுதி, வைத்தியசாலை, கட்டட வேலைத்தளம், தொழிற்சாலை எங்கேயும் இந்தத் திறன் கேட்கப்படும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளப்பதை வழக்கமாக்குங்கள். சாரதிகள் மாறுவார்கள், மேடு தேயும், தொட்டியை யாராவது ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். எண் மீண்டும் ஏறினால் பலகையின் எழுத்தைப் பெரிதாக்காதீர்கள். யாருக்கு, எந்த நேரத்தில், எதற்காக அவசரம் வந்தது என்று கொப்பியைப் புரட்டிப் பாருங்கள்.